இரும்பு யார் கையில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'புற்றுநோய்க்குத் தீனி போடும் இரும்புச்சத்து' என்று ஒரு தலைப்பு. அதைப் படித்துவிட்டு, சிகிச்சையில் இருக்கும் என் தங்கை டாக்டர் எழுதித் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். நான் சொல்லி எடுபடவில்லை. அச்சில் வந்ததற்கு இருக்கும் மதிப்பு அக்காவுக்கு இல்லை.

கட்டுரை பொய்யில்லை, பாதிதான் சொல்கிறது. புற்றுநோய் செல்கள் பெருக இரும்பு வேண்டும், சரி. அவற்றைக் கொல்ல வரும் டி செல்களும், அதாவது நோய் எதிர்ப்புப் படையின் வெள்ளணுக்களும், பெருகித்தானே ஆக வேண்டும்? ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வரும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். தூண்டப்பட்ட டி செல், அதைப் பிடித்து இரும்பை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைத் தன் மேல் நிறைய வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பி பிறவியிலேயே பழுதான சிலருக்கு நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியிருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

கிருமிகளையும் பழைய செல்களையும் விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்லான மேக்ரோஃபேஜின் கதை இன்னும் சுவாரசியம். பழைய சிவப்பணுக்களைச் செரித்து நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டுத் தருபவை இவைதான்; குடல் உறிஞ்சுவது 1, 2 மில்லிகிராம்தான். கட்டிக்குள் போனதும் இவற்றில் பல கட்சி மாறிவிடுகின்றன. சண்டை போடும் மேக்ரோஃபேஜ் இரும்பை ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் பூட்டி வைக்கும். கட்சி மாறியது, செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டின் வழியாக அதை வெளியே விடும். பக்கத்திலிருக்கும் புற்றுநோய் செல் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் இரும்பைக் கொட்டினால் கட்டி கொழுக்க வேண்டுமே? ரத்தசோகைக்கு ஊசியாகப் போடும் ஃபெருமாக்ஸிட்டால் என்ற இரும்பு நானோ துகளை எலிகளுக்குச் செலுத்தியபோது, மேக்ரோஃபேஜ்கள் சண்டைக்குத் திரும்பின, மார்பகக் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. அதுவும் 2016இல்தான். எலியில் நடந்ததை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது, உங்கள் தலைப்பையும்தான்.

இன்னொன்று, இது என் வேலையில் அடிக்கடி பார்த்தது. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து ஃபெரோபோர்ட்டின் வாசலை அடைத்துவிடும். இரும்பு செல்லுக்குள்ளேயே முடங்கும். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் அதிகம், ஹீமோகுளோபின் குறைவு. ஃபெரிட்டினை மட்டும் பார்த்து 'இரும்பு ஏராளம்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். இப்படி முடங்கிப்போனவர்களில் சிலருக்கு மாத்திரை போதாது, ஊசி தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர் சிகிச்சை தரும் டாக்டர்.

அந்தப் பக்கத்திலேயே, தலைப்புக்குக் கொடுத்த எழுத்தளவில், 'டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு விளக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்