தெரியாமல் சொன்ன பொருத்தம்

ஜித்தா
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். நாலு தடவை வாய்ஸ் மெசேஜ் போட உட்கார்ந்தேன், நாலு தடவையும் பாதியில் அழித்துவிட்டேன். போனில் பேசினால் நடுவில் நீ "சரி விடுங்க காக்கா" என்பாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். எழுத்தில் அப்படி யாரும் குறுக்கே விழ முடியாது. கடையில் சரக்குக் கணக்கு எழுதும் நோட்டில் கிழித்த தாள் இது. நம்ம ஊர்ப் பையன் ஒருவன் லீவில் வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

இங்கே பிழைப்பு எப்படி என்று நீ கேட்கும்போதெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு" என்றே சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஷரஃபிய்யாவில் ஒரு பக்காலா, அதாவது நம்ம ஊர் மளிகைக் கடைதான், கொஞ்சம் பெரியது. காலை ஏழு முதல் ஒரு மணி வரை, பிறகு நாலு முதல் நடுராத்திரி வரை. ரூமில் ஆறு பேர், மூன்று இரண்டடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டில், ஏசிக்கு நேரே. ஆனியில் கடலிலிருந்து ஒரு புழுக்கம் வரும் பார், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. கடைக்குள் இருப்பவனுக்கு அது பொருந்தாது, ஆனாலும் அந்த மூன்று மணி நேரமும் தெருவே செத்துக் கிடக்கும். காலையில் குப்பூஸ், ராத்திரி ரூமில் சோறு. சொதி வைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், அம்பாசமுத்திரத்துக்காரர், டிரைவர் வேலை. தேங்காய்ப்பால் டின்னில்தான் கிடைக்கும் என்றாலும் வாசம் வந்துவிடும்.

சரி, இதெல்லாம் எழுதுவது இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடத்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

2006இல் வாப்பா ஹஜ்ஜுக்குப் போகும் முன் தெருத்தெருவாகப் போய், செய்த தப்பை மன்னித்துவிடச் சொல்லிப் பொருத்தம் கேட்டார்களே, உனக்கு நினைவிருக்கும். சொந்தக்காரர் வீடு, சண்டைக்காரர் வீடு, எல்லாம். நானும் கூடப் போனேன். டவுனிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாவை வாப்பா வாசலில் நிறுத்தி, "போன வருஷம் ஒரு நாள் கீரை வாடிப்போச்சின்னு ரெண்டு ரூபா குறைச்சிக் கொடுத்தேம்மா. கீரை நல்லாத்தான் இருந்தது. பொருந்திக்கோ" என்றார்கள். அந்த அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை. சிரித்துக்கொண்டே "போயிட்டு வாங்க பாய்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது நான், "பொதுவாக் கேட்டாப் போதாதா வாப்பா?" என்றேன். "எந்த ரெண்டு ரூபான்னு சொல்லித்தான் கேக்கணும்லே" என்றார்கள்.

வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப்போன மறுவருஷம், 2014இல், உன்னையும் உம்மாவையும் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். பட்டா மாற்றக் கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். அது பட்டாவுக்கு இல்லை. விடுதலைப் பத்திரம். வீட்டிலும் வயலிலும் உங்களுக்கு இருக்கிற பாத்தியதையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதிய பத்திரம். பத்து வருஷமாக இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல்தான் கிடந்தேன்.

அன்றைக்கு நீ சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு நேரே வந்தாய். பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். இலையும் தூளும் தேய்த்த விரல், ரேகை சரியாக விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை வைத்தாய். நீ துடைத்த அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "விவரம் தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டதற்கு, "காக்கா சொன்னா சரிதான்" என்றாய். உம்மா ஒன்றும் பேசாமல் கைநாட்டு வைத்தார்கள். உம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வரும் வழியில் ஆட்டோவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன்.

பாளையங்கால்வாய்ப் பாசனத்து 60 சென்ட்டை 2017இல் மனைக்காரர்களிடம் விற்றேன். உன்னிடம் சொன்னது 18 லட்சம். கைக்கு வந்தது 42 லட்சம். கடனுக்கு 9 போனது, மாடி எடுத்துக் கட்டியதில் ஒரு பங்கு, மீதி ஜங்ஷனில் போட்ட செல்போன் கடையில் முங்கியது. ஹராமான காசுக்கு பரக்கத் இல்லை, கையில் தங்காது என்பார்கள். எனக்கென்னவோ அது வியாபாரம் தெரியாததால் போன காசு. பரக்கத்தை ஏன் இழுக்க வேண்டும், சமாளித்து லாபம் பார்த்திருந்தாலும் பாவம் பாவம்தான்.

2018இல் ஜித்தாவுக்குக் கிளம்பும்போது நானும் வாப்பா மாதிரி வீடு வீடாகப் போனேன். உன் வாசலுக்கும் வந்தேன். மடியில் பீடித்தட்டோடு இருந்தாய். "தப்பு ஏதும் செஞ்சிருந்தாப் பொருந்திக்கோம்மா" என்றேன். "நீங்க என்ன தப்பு செஞ்சீங்க, பொருந்திட்டேன் போங்க" என்று சொல்லிக் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்தாய். உன் அந்த ஒரு வார்த்தையை ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன் தெரியுமா? நெஞ்சு உறுத்தும்போதெல்லாம், அவள்தான் பொருந்திவிட்டாளே என்று எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

இங்கிருந்து மக்கா 80 கிலோமீட்டர் சொச்சம்தான். இந்த ஊரில் இருப்பவன் ரூமிலேயே இஹ்ராம் துணியைக் கட்டிக்கொண்டு உம்ரா யாத்திரைக்குக் கிளம்பலாம். நான் ஐந்து உம்ரா செய்திருக்கிறேன். முதல் தடவை கஃபாவைக் கண்டபோது அழுதேன், அது பொய்யில்லை. வெயிலிலும் அந்த வெள்ளைச் சலவைக்கல் காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். கஃபாவைச் சுற்றி ஏழு சுற்று தவாஃப், பிறகு ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு நடை, அதுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். எல்லாச் சுற்றிலும் "யா அல்லாஹ், என் பாவங்களை மன்னித்துவிடு" என்றே கேட்டேன். பாவங்கள் என்று பன்மையில் போட்டுவிட்டால் எதுவும் தனியாக வெளியே தெரியாது பார். அல்லாஹ்விடமே அந்தக் கள்ளக்கணக்கு எழுதியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்துக்காரர் தன் வண்டியில் பாதி வழி கொண்டுவந்து விடுவார். முஸ்லிம் அல்லாதவர்கள் மக்காவுக்குள் போகக்கூடாது என்பதால் பாதை பிரியும் இடத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டு, "எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வாரும்" என்பார். நாலாவது தடவை இறக்கிவிடும்போது, "எதுக்குவே இத்தன தடவ? அப்பிடி என்னத்தச் செஞ்சீரு?" என்றார். கேலிக்குத்தான் கேட்டார். எனக்கு அன்றைக்கு தவாஃப் முழுக்க அந்தக் கேள்விதான் காதில் ஓடியது.

அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் நிற்பதைப் போனில் பார்த்துக்கொண்டு கடையில் நின்றேன், கல்லாவில் சில்லறை தப்பாகக் கொடுத்தேன். ராத்திரி நீ போன் போட்டாய். வாடகை வீட்டில் முழங்கால் தண்ணீர், பீடி இலை எல்லாம் நனைந்துபோச்சு என்றாய். பிறகு தயங்கித் தயங்கி, "மைனியும் பிள்ளைகளும் கடையநல்லூர்லதானே இருக்காங்க. உங்க வீடு பூட்டித்தானே கெடக்கு. ரெண்டு நாள் மாடில இருந்துக்கிடட்டுமா காக்கா?" என்று கேட்டாய்.

உங்க வீடு.

உன் வீட்டில் தங்க என்னிடம் அனுமதி கேட்டாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதுக்கென்னம்மா, பக்கத்து வீட்ல சாவி இருக்கு, வாங்கிக்கோ" என்றேன். நீ அழுதுகொண்டே துஆ செய்தாய், எனக்கு.

அடுத்த வாரம் ஐந்தாவது உம்ராவுக்குப் போனேன். போய் ஒன்றும் கேட்க வரவில்லை. வாய் கட்டிவிட்டது. சும்மா சுற்றிவிட்டு முடியை இறக்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து ரூமில் ஏர்வாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். நம்ம நெல்லை ஏர்வாடி, தர்கா ஏர்வாடி இல்லை. ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம், இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஊரில் இமாம் சம்பளம் உனக்குத் தெரியும்தானே. அவரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பழைய பில்லைத் திருப்பிப் போட்டு இருபத்துநாலு கோடு கிழித்தார். "உங்க வாப்பா விட்டுட்டுப் போனது மொத்தம் இது. மனைவிக்கு எட்டுல ஒண்ணு, மூணு கோடு. மீதி இருபத்தொண்ணு. ஆணுக்கு ரெண்டு, பெண்ணுக்கு ஒண்ணு. உமக்குப் பதினாலு, தங்கச்சிக்கு ஏழு. நிஸா அத்தியாயத்துல இருக்கு, இது நான் சொல்ற கணக்கு இல்ல" என்றார். 2021இல் உம்மா மௌத்தானதைச் சொன்னேன். அந்த மூன்று கோட்டில் இரண்டை என் பக்கமும் ஒன்றை உன் பக்கமும் தள்ளினார். எட்டுக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தாளை என் கையில் கொடுத்தார். இருபத்துநாலில் எட்டு. மூன்றில் ஒன்று.

"அவதான் பொருந்திட்டேன்னு சொல்லிட்டாளே ஹஜ்ரத்" என்றேன். "எதப் பொருந்துறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

தவ்பாவுக்கு, அதாவது அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேட, பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி வேண்டும், இது நாம் மதரஸாவில் ஓதியதுதான். அடியானுடைய ஹக், அடுத்த மனுஷனுடைய உரிமை, சம்பந்தப்பட்டால் நாலாவதாக அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அவர் மனசறிந்து விட வேண்டும். அந்த நாலாவதைத் தாண்டித்தான் நான் ஐந்து தடவை இஹ்ராம் கட்டினேன். கியாமத் என்கிற இறுதித் தீர்ப்பு நாளில் தொழுகை, நோன்பு, ஜக்காத் எல்லாவற்றோடும் ஒருவன் வருவான், அடுத்தவன் பொருளைத் தின்றதற்கு ஈடாக அவன் நன்மைகளை எடுத்து எடுத்துக் கொடுத்து வெறுங்கையாக நிற்பான், அவன்தான் உண்மையான திவாலானவன் என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸை அவர் எடுத்துச் சொன்னார். செல்போன் கடை திவாலானபோதுகூட எனக்கு அப்படி வயிறு கலங்கவில்லை.

"அப்போ எனக்கு மன்னிப்பு உண்டா ஹஜ்ரத்?" என்றேன். "அல்லாஹ்வோட ரஹ்மத்துல நம்பிக்கை இழக்காதீங்கன்னு குர்ஆன்லயே இருக்கு. அவன் பக்கம் உமக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனா தங்கச்சி பங்கத் தங்கச்சிதான் விடணும். அத அல்லாஹ்கிட்ட வாங்கிட்டு ஒதுங்கிரலாம்னு பாக்காதீரும்" என்றார்.

அதனால் தங்கச்சி, எந்த ரெண்டு ரூபாய் என்று சொல்லியே கேட்கிறேன். 42 லட்சத்தில் உனக்கு 14 லட்சம் சேர வேண்டும். வீட்டில் மூன்றில் ஒன்று உன்னுடையது. இதை மறைத்தேன், பொய் சொல்லிக் கைரேகை வாங்கினேன், விலையில் பொய் சொன்னேன், அப்புறம் பொருத்தமும் வாங்கினேன். இந்த நாலும்.

5 லட்சம் உன் கணக்கில் போட்டாயிற்று. கடிதம் கைக்குக் கிடைக்கும் முன்பே வந்திருக்கும், என்ன பணம் இது என்று நீ பயந்திருப்பாய். பாக்கி 9 லட்சத்தை மாதம் முப்பதாயிரமாக முப்பது மாதத்தில் முடிப்பேன். வீட்டை என்ன செய்வது என்று நீ சொல்: பங்கு எழுதி வேண்டுமா, கீழ்வீட்டையே உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதட்டுமா. லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பங்குனிக்குள் வருவேன். மைனியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "வெள்ளத்தப்போ அவ தரையில படுத்தாளாமே, கட்டில்ல ஏறிப் படுக்கச் சொன்னாலும் கேக்கலையாமே" என்று மட்டும் சொன்னாள்.

என்னைப் பொருந்திக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம். பணம் வருவதால் மனசு வந்தாக வேண்டும் என்று இல்லை. முப்பது மாதமும் வாங்கிக்கொண்டு பேசாமலே இருந்தாலும் எனக்குக் கேட்க வாயில்லை. உம்மாவிடம் கேட்க இனி வழியில்லை, அவர்களுக்காக துஆ செய்கிறேன், அவர்கள் பங்கில் உனக்கு வர வேண்டியதும் அந்த 14க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மச்சானுக்குக் கோபம் வரும். வரட்டும். அவர் என்ன கேட்டாலும் நீ குறுக்கே நின்று எனக்காகப் பேசாதே.

இங்கே கடற்கரையில் தண்ணீருக்கு மேல் தூண் நிறுத்திக் கட்டிய ஒரு பள்ளி இருக்கிறது, ரஹ்மா பள்ளி என்று பேர். நேற்று இஷாவை அங்கே தொழுதேன். துஆவில் உன் பேரைச் சொன்னேன், 60 சென்ட் என்று சொன்னேன், பீடி மை ரேகை என்றெல்லாம் உளறினேன். பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரர் ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

கடிதத்தை மச்சானிடம் முழுதாகப் படித்துக் காட்டு. மாடியில் என் பீரோவின் மேல் தட்டில், வாப்பாவின் ஹஜ் பெல்ட்டுக்கு அடியில் ஒரு பச்சை ஃபைல் இருக்கும். விடுதலைப் பத்திரமும் வயல் விற்ற கிரயப் பத்திரத்து நகலும் அதில்தான் இருக்கின்றன. எடுத்து விவரம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள், என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். பீரோ பூட்டவில்லை. வீட்டுச் சாவி வெள்ளத்தப்போ வாங்கியதுதான், இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது.

வஸ்ஸலாம்,
காக்கா