தயங்குவது நன்றிகெட்டதனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பகுதியில் உங்கள் கட்டுரையாளர், பொறியியல் கிடைக்கக்கூடிய புள்ளி எடுத்தும் போவதா விடுவதா என்று யோசிக்கும் பிள்ளைகள் பெற்றோரின் வியர்வையை மதிக்காதவர்கள் என்று எழுதியிருந்தார். அந்த வியர்வைக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் முப்பது வருடமாக மேசன் வேலை செய்கிறேன்.

வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் படகுப் பாதையேறி ரியூசனுக்குப் போய்வந்த என் மகள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை நன்றாக எடுத்திருக்கிறாள். விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுவது என்று இரண்டு கிழமையாக அவளுக்கு நித்திரை இல்லை. கட்டுரை வந்த அன்று அவளுடைய பெரியம்மா பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்து மேசையில் விரித்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். உங்கள் சேவைக்கு நன்றி.

ஒருமுறை ஒரு பீடத்தில் பதிந்தால் பொதுவாக மறுபடி விண்ணப்பிக்க முடியாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. இதுவரை தமிழில் படித்த பிள்ளை நாலு வருடம் ஆங்கிலத்தில் படிக்கப்போகும் ஒன்றுக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஒரு மூடை சீமெந்தைக்கூட நான் திகதி பார்க்காமல் வாங்குவதில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா, எஞ்சினியர் காலையில போய் என்ன செய்வார்?" இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு எஞ்சினியர் ஐயா, கொங்கிறீட் போடுமுன் ஓரடி உயர இரும்புக் கூம்பை வைத்து, கலவையை மூன்று தட்டாக நிரப்பி, தட்டுக்கு 25 குத்து எண்ணிக் குத்துவிப்பார். பிறகு கூம்பை மெல்லத் தூக்கி, கலவை எவ்வளவு இறங்கியது என்று அளப்பார். தண்ணீர் கூடியிருந்தால் அந்தக் கலவையைத் தொடவிடமாட்டார். கொந்தராத்துக்காரர் கத்துவார், இவர் அசையமாட்டார். வாகனத்தை விட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அதையும் மறைக்கவில்லை.

கேட்டுவிட்டு, "அந்தச் சண்டையை நான் பிடிப்பேனா தெரியாது அப்பா" என்றாள். இதுவா நன்றிகெட்ட பேச்சு?

உண்மையில் எஞ்சினியர் ஆசை என்னுடையது. 1990 யூனில் சண்டை தொடங்கியபோது நானும் உயர்தரத்தில் கணிதம்தான். புத்தகங்களை விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் மட்டும் நின்றது. அதைக் கட்டப்போய்த்தான் கரண்டி பிடிக்கப் பழகினேன். என் ஆசையை அவள் தலையில் கட்டாமலிருக்க நான் படும் பாட்டுக்குள் உங்கள் ஆளும் வந்து புகுந்துகொண்டார்.

மாவட்டக் கோட்டாவில் கிடைப்பதை எறியக்கூடாது என்றும் ஒரு புத்திமதி. பல்கலைக்கழக இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்பது யாரும் போட்ட பிச்சை அல்ல. மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்கப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்று உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வரவில்லை. முதலிடம் எடுத்த ஒரு பிள்ளைக்கு மாலை போட்ட படம் வந்தது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரும் 1916 இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர்தான். அப்புறம் துறவியானார், தமிழ்ப் பேராசிரியரானார். அவரையும் நன்றிகெட்டவர் என்று எழுதுவீர்களா?

சரி, நான் கேட்பது சின்ன விசயம். மாலைப் படங்களுக்கு ஒதுக்கும் பக்கத்தில் ஒரு ஞாயிறு அரைப் பக்கம் தாருங்கள். நீர்ப்பாசனத்திலோ வீதியிலோ மின்சாரத்திலோ வேலைசெய்யும் ஒரு எஞ்சினியர், திங்கட்கிழமை காலை தொடங்கிப் பின்னேரம் வரை தான் செய்ததை எழுதட்டும். பெண் என்றால் இன்னும் நல்லது. விண்ணப்ப முடிவு திகதிக்கு முன் வந்தால் பிள்ளைகள் வாசிப்பார்கள். பிந்தினால் மீன் சுற்ற உதவும்.

கடிதத்தைச் சுருக்குவதானால் கூம்பு பற்றிய வரிகளை மட்டும் வெட்டவேண்டாம்.

மேசன் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.