கயலுக்கு: ஒரே ஜன்னல் போதும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபேன்டசி எழுதுகிறவர்களின் முகத்தையும், எழுத்தைப் பற்றி அவர்கள் சொல்வதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு தொகுப்பு செய்யப்போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் ஜன்னல் தெரிகிறது, இன்னொரு பக்கம் லேப்டாப் திரை நீலமாகத் தெரிகிறது. கன்னத்தில் மேஜை விளக்கின் மஞ்சள். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறம் போய்விடும் என்று நினைத்திருப்பாய். நிறம் போகும், மூக்குக்கு இரண்டு பக்கமும் விழுந்திருக்கும் நிழல் போகாது. அந்த முகத்தை நம்ப முடியாமல் செய்வது அந்த இரட்டை நிழல்தான். ஒவ்வொரு வெளிச்சமும் ஒவ்வொரு விதி சொல்கிறது.

ஸ்காட்லாந்து ஃபேன்டசி எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் 1893-ல் வெளியான கட்டுரையில் கதைக்குச் சொன்னதும் இதுதான். எழுதுகிறவர் புதிதாக ஓர் உலகத்தையும் அதற்கான விதிகளையும் உண்டாக்கிக்கொள்ளலாம். உண்டாக்கிய பிறகு அவரே அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். ஒன்றை மறந்தாலும் கதை நம்பும்படி இருக்காது என்கிறார். அவருடைய 1864-ஆம் ஆண்டுக் கதையில் எடையில்லாத ஓர் இளவரசி வருகிறாள். ஏரித் தண்ணீரில் இறங்கினால் மட்டும் அவளுக்கு எடை திரும்புகிறது. அதற்கப்புறம் அவளுடைய காதல், ஏரி வற்றும்போது அவள் படும் பாடு எல்லாம் அந்த விதியிலிருந்தே பிறக்கின்றன. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும், 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பேசியதை விரித்து 1947-ல் வெளியிட்ட கட்டுரையில் பச்சைச் சூரியனை உதாரணம் காட்டினார். பச்சைச் சூரியன் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தச் சூரியன் நம்பும்படி இருக்கிற உலகத்தைக் கட்டுவதில்தான் உழைப்பு இருக்கிறது.

அதனால் உன் படத்துக்கும் ஒரே விதியை வைத்துக்கொள்: வெளிச்சம் ஒரு ஜன்னலிலிருந்து மட்டும். அறை விளக்கு, மேஜை விளக்கு, திரை எல்லாவற்றையும் அணைத்துவிடு. நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பார். உன் ஊரில் வடக்கு ஜன்னல் உத்தமம். எழுத்தாளரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முகம் ஏறக்குறைய 45 பாகை திரும்பியிருக்கும்படி உட்கார வை. நிழல் பக்கம் ரொம்ப இருண்டால் விளக்கு போடாதே. ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை முகத்திலிருந்து முக்கால் மீட்டரில் நிறுத்து. அதுவும் ஜன்னல் வெளிச்சத்தைத்தானே திருப்பித் தருகிறது, விதி கெடாது.

கண்ணாடி பிரதிபலித்தால் அதைக் கழற்றச் சொல்லாதே. தினமும் கண்ணாடி போடுகிறவர் கழற்றினால் முகமே வேறாகிவிடும், மூக்கில் தடமும் தெரியும். காதுக்குப் பின்னால் காம்பை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் கண்ணாடி சற்றே கீழே பார்க்கும், ஜன்னல் அதிலிருந்து நழுவிவிடும். அப்படியும் போகவில்லை என்றால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பு.

85 எம்.எம். லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் லென்ஸ் துளையை எஃப் 1.8 என்று அகலமாக வைத்தால் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாக விழும் தூரம், சுமார் 6 சென்டிமீட்டர்தான். முகம் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் விழும். உன் ஐந்தாவது படத்தில் நடந்தது அதுதான். துளையைச் சுருக்கி எஃப் 4 வை, 13 சென்டிமீட்டர் கிடைக்கும். பேசிக்கொண்டே இருப்பவருக்கு ஷட்டர் நொடியில் 200-ல் ஒரு பங்கை விட மெதுவாக இருக்கக்கூடாது, அதற்காக ஐ.எஸ்.ஓ. (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 1600 வரை ஏறினாலும் பரவாயில்லை. புத்தக அலமாரி பின்னால் இருந்தால் அவரை அதிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவா. புத்தக முதுகிலுள்ள எழுத்து தெளிவாகத் தெரிந்தால் பார்ப்பவர் முகத்தை விட்டுவிட்டுத் தலைப்புகளைப் படிக்கப் போய்விடுவார்.

வாள், அங்கி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம், கயல். அதெல்லாம் அவர் கதைக்குள் இருப்பவர்களுடையது.

ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் 1863-ல் மெக்டொனால்டையும் அவர் மகள் லில்லியையும் எடுத்த படத்தைத் தேடிப் பார். அந்த வீட்டாரிடம் ஆலிஸ் கதையின் கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கொடுத்தவரும் கரோல்தான். அந்தப் படம் எடுத்தது ஈர கொலோடியன் முறையில்: கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, அது சற்று இறுகும்போது வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கி, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு தூசி விழுந்தால் வால்நட்சத்திரம் போலக் கோடு. எக்ஸ்போஷர் பல நொடிகள் நீளும், அத்தனை நேரம் சிரிப்பைப் பிடித்து வைக்க யாரால் முடியும்? அந்தக் காலத்து முகங்கள் இறுகியிருப்பதற்கு அது முக்கியக் காரணம். அதைக் கம்பீரம் என்று நினைத்து உன் ஆட்களை இறுகச் சொல்லாதே.

இனி அவர்கள் சொல்வது. பட்டி பெரெட் என்ற புகைப்படக்காரர் 1984-ல் அறிவியல் புனைவு எழுத்தாளர்களையும், 1996-ல் ஃபேன்டசி எழுத்தாளர்களையும் எடுத்துப் புத்தகமாக்கினார். இரண்டிலும் படத்தோடு எழுத்தாளரின் சொந்த வார்த்தைகளும் உண்டு. உன் வேலைக்கு மூத்த அக்கா மாதிரி அந்த இரண்டும். ஒருவருக்கு 150 சொல் போதும். “கதை எப்படித் தோன்றுகிறது?” என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். “உங்கள் உலகத்தில் நடக்கவே முடியாதது எது?” என்று கேள். “போன வாரம் அடித்துவிட்டு மறுபடி எழுதிய வாக்கியம் எது, ஏன்?” என்று கேள். ஃபேன்டசி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973-ல் எழுதிய கட்டுரையில், ஃபேன்டசிக்கு நடையே எல்லாம் என்றார். சாய்ந்துகொள்ள நமக்குப் பழகிய உலகம் அங்கே இல்லை, எழுதுகிறவரின் குரல்தான் அதை நிற்க வைக்கிறது. அதனால் ஒலிப்பதிவிலிருந்து எழுதும்போது அவருடைய பேச்சைத் திருத்தி அழகாக்காதே. வெட்டலாம், சொல்லை மாற்றக்கூடாது. வெட்டியதை அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்.

பேச்சை முதலில் பதிவு செய், படத்தைப் பிறகு எடு. முக்கால் மணி நேரம் பேசியவரின் தோள் தானாக இறங்கியிருக்கும்.

மூன்றாவது படத்தில் உள்ளவரிடம் இன்னொரு நாள் கேட்டுப் பார். விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்ததை, வெட்டாமல், முழு ஃபிரேமாக அனுப்பு.

அன்புடன்,
அம்மா