சின்னவள் விளையாடட்டும் அம்மா

ஆல்பரி,
12.07.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பாலையூற்று மாமியின் மகன் மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்து, நீங்கள் கொடுத்துவிட்ட கறித்தூளையும் கடிதத்தையும் போன கிழமை எனக்கு அனுப்பிவைத்தார். நான் நல்ல சுகம். அப்பாவின் கால் வீக்கம் குறைந்துவிட்டது என்ற வரியைத் தேடிப்பிடித்து வாசித்த பிறகுதான் மற்றதை வாசித்தேன். போனில் கதைக்கிறோம்தான். ஆனால் தங்கச்சி சின்னவள் பக்கத்தில் இருக்கும்போது அவளைப் பற்றி நீங்கள் எப்படிக் கதைப்பீர்கள்? அதுதான் அவளுடைய விளையாட்டை நிறுத்த வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. நானும் கடிதமாகவே பதில் எழுதுகிறேன். நீங்களும் அப்பாவும் வாசித்துவிட்டு அவளிடம் கொடுங்கள்.

இங்கே அவுஸ்திரேலியாவில் இப்போது நடுக்குளிர். கனடாவில் மாதிரிப் பனி கொட்டுவதில்லை, ஆனால் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். நான் வேலைக்கு நடந்தே போகிறேன். காரை விற்றுவிட்டேன், இங்கே எல்லாம் கிட்டத்தானே, நடப்பது உடம்புக்கும் நல்லது. வீட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டையோடு இருந்தால் ஹீற்றர் போடத் தேவையில்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலையும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன், சும்மா வீட்டில் இருந்து என்ன செய்ய? சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சிவப்பரிசி மா மெல்பேர்ணில் இருந்து வரும், தேங்காய்ப்பூ உறையவைத்த பைக்கற்றில் கிடைக்கும், புட்டு அவிக்கலாம். மீன்தான் சரியில்லை. கடல் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். உறைந்த மீனை எந்தப் புளியில் போட்டாலும் நீங்கள் வைக்கிற பாரைக் குழம்பு வராது. விசாவின்படி பெரிய நகரங்களில் இருக்க முடியாது, அதனால் இன்னும் சில காலம் இந்த ஊர்தான்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது தாண்டியவர். கார்க் கொட்டிலுக்கு மேலே ஒரு பாஸ்கெற்போல் வளையம் பூட்டி வைத்திருக்கிறார். அந்தக் குளிரிலும் கம்பளித் தொப்பியும் விரல் நுனி வெட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலையும் நின்ற இடத்தில் நின்று எறிவார். ஒரு பந்தாவது உள்ளே விழும்வரை எவர் 'குட் மோர்னிங்' சொன்னாலும் பதில் வராது. விழுந்த பிறகு திரும்பி, சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொல்வார். முதல் நாள் என்னைக் கண்டதும் ஊர், பெயர் ஒன்றும் கேட்கவில்லை. "உன் வீட்டில் உயரமான பிள்ளை இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். சின்னவள் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றேன். அன்றிலிருந்து என் வாசலில் எலுமிச்சம்பழப் பை வைக்கத் தொடங்கிவிட்டார். சனி இரவில் வேலை இல்லாவிட்டால் என்னை விளையாட்டரங்குக்கும் கூட்டிக்கொண்டு போவார்.

அந்த அரங்கின் பெயர் லோறன் ஜக்சன் விளையாட்டரங்கு. அவர் இந்த ஆல்பரியில் பிறந்து வளர்ந்த பெண், ஆறடி ஐந்து அங்குலம். தாய் தகப்பன் இருவருமே அவுஸ்திரேலியாவுக்காக பாஸ்கெற்போல் விளையாடியவர்கள். தாய் அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விளையாடியிருக்கிறார். மகள் 2001இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கில் முதல் ஆளாகத் தெரிவு செய்யப்பட்டு சியாட்டில் அணிக்குப் போனார். அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. பிறகு 2003, 2007, 2010 என்று மூன்று தடவை அந்த லீக்கின் அதிசிறந்த வீராங்கனை. 2004இலும் 2010இலும் அணி சம்பியன். சிட்னி, ஏதென்ஸ், பீஜிங் ஒலிம்பிக்குகளில் வெள்ளி, லண்டனில் வெண்கலம். லண்டனில் நாட்டின் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்ததும் அவர்தான்.

இதெல்லாம் கேட்க வடிவாக இருக்கும். மற்றப் பக்கத்தையும் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சின்னவள் போனில் பார்ப்பது கைதட்டலை மட்டும்தான். அமெரிக்க லீக் அங்கே கோடை காலத்தில் சில மாதங்கள்தான் நடக்கும். சம்பளமும் ஆண்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. 2024இல் முதல் ஆளாகத் தெரிவான கெய்ற்லின் கிளார்க்குக்கே முதல் வருடச் சம்பளம் 76,535 டொலர்தான். அதனால் பல பேர் அங்கே கோடை முடிந்ததும் உடனே ரஷ்யா, துருக்கி, சீனா என்று கிளம்பிவிடுவது வழக்கமாக இருந்தது. ஜக்சனும் கொரியாவில் ஆடினார், மொஸ்கோவில் ஆடினார். உடம்புக்கு ஓய்வு கிடையாது. எந்த நாட்டில் எழும்புகிறோம் என்று யோசித்துத்தான் கட்டிலால் இறங்க வேண்டியிருக்குமாம். அதைக் கேட்டபோது அந்தப் பெண்ணை எனக்கு நெடுநாள் தெரிந்தது போல இருந்தது. 2022 பெப்ரவரியில் பிரிட்னி கிரைனர் என்ற பெரிய வீராங்கனை இப்படி விளையாடப் போய்த்தான் மொஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டு, டிசெம்பர் வரை சிறையில் இருந்தார்.

முழங்கால் விஷயம் இன்னும் முக்கியம். ஜக்சனுக்கு முழங்காலுக்குள் இருக்கிற நார் அறுந்து, சத்திர சிகிச்சைக்கு மேல் சத்திர சிகிச்சை நடந்து, 2016இல் முப்பத்திநாலு வயதில் விட்டுவிட்டார். ரியோ ஒலிம்பிக்குக்கு சில மாதங்கள்தான் இருந்தன. அதோடு முடிந்தது என்றுதான் ஊரே நினைத்ததாம். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். பிறகு 2022இல், இந்த ஊர் அணிக்காக, தன் பெயர் எழுதிய இதே அரங்கில் திரும்ப இறங்கினார். பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கு முன்வரிசையில் இருந்தாராம், சொல்லும்போதே கண் நிறைகிறது. அதே வருடம் சிட்னியில் உலகக் கிண்ணம். வெண்கலப் பதக்கத்துக்காகக் கனடாவுடன் நடந்த ஆட்டத்தில் நாற்பத்தொரு வயதில் 30 புள்ளி போட்டார். 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம்.

அம்மா, நீங்கள் எழுதிய மூன்று காரணத்தையும் வாசித்தேன். அடுத்த வருடம் ஏ.எல். பரீட்சை, வெயிலில் கறுத்துப் போகிறாள், இவ்வளவு உயரமாக வளர்ந்து ஆட்டமும் போட்டால் ஆர் கட்டுவான் என்று. ஏ.எல். காரணத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயரமான நெற்போல் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பத்திரிகையில் பார்த்து, "யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எவ்வளவு பெருமை" என்று நீங்கள்தானே எங்களுக்குக் காட்டினீர்கள்? அவரும் அவுஸ்திரேலியாவுக்கு வந்து விளையாடியவர். 2019 நெற்போல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டுப் பெண்களையும் விட அதிகமாக கோல் போட்டவர் அவர்தான். ஊரார் பிள்ளையின் உயரம் பெருமை என்றால் எங்கள் பிள்ளையின் உயரமும் பெருமைதான். அவளை நாலு பேர் முன்னால் குனிந்து நிற்கச் சொல்லாதீர்கள். நான் அங்கே இருந்த காலத்திலேயே பெரியம்மா அப்படிச் சொல்லுவா, எனக்கு அப்போதே நெஞ்சு எரியும்.

பீ.ரீ. ரீச்சர் அவளை நெற்போலில் இருந்து பாஸ்கெற்போலுக்கு மாற்றச் சொல்வது சரியான யோசனை. வளையம் இரண்டுக்கும் பத்தடி உயரம்தான். நெற்போலில் பந்தைப் பிடித்ததும் கால் இழுக்காமல் நிற்கப் பழகியிருக்கிறாளே, அது இதற்கும் உதவும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத்தான் புதிதாகப் பழக வேண்டும். பெண்களுக்கு ஆறாம் இலக்கப் பந்து, ஆண்களின் ஏழாம் இலக்கத்தை விடச் சுற்றளவில் ஒரு அங்குலம் சின்னது. பெடியன்களின் பந்தால் பழகினால் எறிகிற விதம் பிழைக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா அடித்துச் சொல்கிறார். காற்று இறக்கி ஒரு பந்து அனுப்புகிறேன். அது அவர் வாங்கிக் கொடுத்தது. நான் எவ்வளவோ மறுத்தேன், கேட்கவில்லை.

சின்னவளே, இது உனக்கு. நிலத்தில் இறங்கும்போது முழங்காலை மடித்து இறங்கு, இரண்டு முழங்காலும் உள்ளே சாய விடாதே. முழங்கால் நார் அறுவது ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். உடம்பு சூடாக்காமல் ஆடாதே. சீமெந்துத் தரையில் தேய்ந்த சப்பாத்தோடு குதிக்காதே. ரியூசனுக்கு ஒளிக்காதே. விளையாட்டும் வேலைதான், உடம்பு உள்ளவரைக்குமான வேலை. அதற்குப் பிறகும் சீவிக்கப் படிப்பு வேண்டும்.

போன சனி அரங்கில் இருந்தபோது ஒன்று நடந்தது. ஆட்டம் தொடங்கும் முன் சின்னப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்துப் பையும் வைத்துக்கொண்டு நின்றார். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் எங்கள் அப்பா அப்படித்தான் நிற்பார், என்னுடைய ஓட்டப் போட்டிக்கு, சைக்கிளைச் சாத்திவிட்டு. முடிந்ததும் டச்சுக் குடாக் கடற்கரையில் கடலை வாங்கித் தந்து, கோட்டை வாசலில் மான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். எனக்கு அப்போதே எழும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போல இருந்தது அம்மா. குசினி வாசல்படியில் இருந்து, நீங்கள் மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல். இங்கே ஒரு நாளில் நான் தமிழில் வாய் திறப்பது உங்களோடு போனில் மட்டும்தான். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்தபோது நிறைகுடம் வைத்த படம் அனுப்பியிருந்தீர்கள், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எங்கள் கேற்றைப் பார்த்தேன். பெயின்ற் போய்விட்டது.

சரி. கூரை விஷயம். மாரி தொடங்க முன் ஓடுகளை மாற்ற வேண்டும். அண்ணனிடம் சொல்லி முதலில் சமையலறைப் பக்கத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள், மற்றப் பக்கத்துக்குத் தை மாதம் அனுப்புகிறேன். இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியது வேலை நேரம் மாறியபடியால்தான், வேறு ஒன்றும் இல்லை. அதற்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். காணி உறுதிக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவம் அனுப்புகிறேன், ஆனால் மட்கோ சித்தப்பா சொல்கிற நொத்தாரிசிடம் போக வேண்டாம், அப்பாவின் பழைய ஆளிடமே போங்கள். அம்மம்மாவின் கண் சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்தால் உடனே சொல்லுங்கள், அன்றைக்கு நான் லீவு எடுப்பேன்.

மாகாணப் போட்டிக்கான படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வைக்கக் கடைசி நாள் இந்த மாத முடிவு என்று சின்னவள் சொன்னாள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, ரீச்சர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்