சிறுவிடைக் கோழியும் சீரம் கணக்கும்

அன்புள்ள கதிர்வேலு,

இங்கு எல்லோரும் நலம். உன் கடிதமும் அட்டவணையும் வந்தன. சிறுவிடை நாட்டுக்கோழியில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கொலஸ்ட்ரால், கால்சியம் முதலியவற்றுக்கு ஹெரிட்டபிலிட்டி, அதாவது கோழிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் மரபு வழி வரும் பங்கு, பார்க்கப் போகிறாய், சரி. ஆனால் 10 சேவல், சேவலுக்கு 10 குஞ்சு என்ற திட்டத்தை மாற்று. ஹெரிட்டபிலிட்டியின் உண்மை மதிப்பு 0.25 என்றே வைத்துக்கொள். 100 குஞ்சில் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) 0.28க்குக் குறையாது. விடையைவிடப் பிழை பெரிது! சேவல் வழி மாறுபாடு மைனஸில் வந்தாலும் வரும். சேவலுக்கு எத்தனை குஞ்சு என்பதற்கு 4ஐ ஹெரிட்டபிலிட்டியால் வகுக்க வேண்டும்; 4ஐ 0.25ஆல் வகுத்தால் 16. சேவலுக்கு அத்தனை குஞ்சு போதும். 25 சேவல், 400 குஞ்சு என்றால் பிழை ஏறக்குறைய 0.14. குஞ்சை அதிகமாக்குவதைவிடச் சேவலை அதிகமாக்கு.

கூண்டில் சேவலை மாற்றினால் மூன்று வாரத்து முட்டையைக் கணக்கில் சேர்க்காதே. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் அதுவரை தங்கும். தகப்பன் பெயர் தவறினால் மொத்தக் கணக்கும் போச்சு.

கால்சியம்தான் எனக்குக் கவலை. முட்டையிடாத பெட்டையில் டெசிலிட்டருக்கு 10 மி.கி. அளவில் இருப்பது, இடத் தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜனால் 20ஐத் தாண்டும். டிரைகிளிசரைடும் அப்படியே ஏறும். 30 வாரத்தில் ரத்தம் எடுத்தால் நீ அளப்பது யார் முன்னே முட்டையிட்டது என்பதைத்தான். 16 வாரத்தில் எடு. இரவு தீனியை நிறுத்து, தண்ணீர் இருக்கட்டும்.

இறக்கையின் உட்புற ரத்தக்குழாயில் 23 கேஜ் ஊசி, 2 மி.லி. மெதுவாக இழு, வேகமாக இழுத்தால் ரத்தக்குழாய் ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்து, இல்லையேல் ரத்தம் கட்டும். ஊசியைக் கழற்றிவிட்டுச் சோதனைக் குழாயின் சுவரோரமாக விடு. ஊசி வழியே பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து சீரம் சிவக்கும், ஏஎஸ்டி என்ற நொதியின் அளவு பொய்யாக உயரும்.

ஆய்வகத்தில் ஒரு சேவலின் குஞ்சு மாதிரிகளை ஒரே நாளில் ஓட்டாதே. கிட் (பரிசோதனை மருந்துத் தொகுப்பு) வேறுபாடு சேவல் வேறுபாடாக வேஷம் போடும். கலந்து ஓட்டு. எந்தத் தவணையில் பொரித்தது என்ற பொரிப்பும் பாலினமும் மாடலில் (கணக்கீட்டுச் சமன்பாட்டில்) இருக்கட்டும். தாய்க்கோழி வழியாகக் கணக்கிடும் ஹெரிட்டபிலிட்டி பெரும்பாலும் கூடவே காட்டும். முட்டையின் தாய்த்தாக்கமும் டாமினன்ஸும் (ஒரு மரபணு வடிவம் அதன் இணையை அடக்குவது) அதற்குள் ஒளிந்திருக்கும். அதை நம்பித் தேர்வு செய்யாதே.

உன் அட்டவணையில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் எதற்கு? மனித கிட்டின் பச்சைச் சாயம் கோழி ஆல்புமினைச் சரியாகப் பிடிக்காது. அந்தக் காசில் இன்னும் இரண்டு சேவல் வாங்கு.

பொரிப்பு வாரியாகக் குஞ்சு எண்ணிக்கையை அனுப்பு, மாடலை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்