பவளம் இருக்கக்கூடிய இடம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, வீடியோ காலில் தன் நடையைக் காட்டினாள். இங்கே நார்வேயில் பெர்கனில் எப்போதும் போல மழை. உன் பையனுக்குக் கவுன்சலிங்கில் என்ன கிடைத்தது?

"கடலில் இறங்காமலே அடியில் என்ன பிராணி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் சொல்கிறாயாமே, என்னடி ஜோசியமா?" என்று கேட்டிருந்தாய். கிட்டத்தட்ட அதுதான்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுச் சேற்றை அள்ளி வந்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோமே. ரோஸ் பெங்கால் சாயம் போகாத விரலோடுதான் மெஸ்ஸில் சாப்பாடு. அத்தனை பாடுபட்டும் நமக்குத் தெரிந்தது ஒரு முறம் அளவுத் தரையின் கதை. அந்த முறத்துக்கும் அடுத்த முறத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? அதற்குத்தான் மாடல்: பார்த்த இடங்களை வைத்துப் பார்க்காத இடத்தை ஊகிக்கும் கம்ப்யூட்டர் கணக்கு.

நார்வேக்காரர்கள் 2005 முதல் மாரேயானோ என்ற திட்டத்தில் தங்கள் கடலடியைப் படம் வரைந்து வருகிறார்கள். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் மல்டிபீம் எக்கோசவுண்டர் ஆழத்தை அளந்து தந்துவிடும். சரிவு, கரடுமுரடு, மேடு பள்ளம் எல்லாம் அதிலிருந்தே கணக்குப் போட்டு எடுக்கலாம். எதிரொலி பலமாக வந்தால் பெரும்பாலும் கெட்டித் தரை, மங்கினால் சேறு. ஆனால் கேமராவை இறக்கிப் பார்ப்பது சில நூறு மீட்டர் நீளக் கோடுகளில் மட்டும்தான். அந்த வீடியோவை மணிக்கணக்கில் பார்ப்பேன். திரையில் இரண்டு லேசர் புள்ளி, அவற்றின் இடைவெளிதான் அளவுகோல். சேறு, சேறு, இறகுப் பேனாபோல நட்டு நிற்கும் ஒரு கடற்பேனாப் பிராணி, மறுபடி சேறு. திடீரென்று ஒரு மேடு எழும்பும், அதன்மேல் வெள்ளையும் ஆரஞ்சுமாக லோஃபீலியா என்ற குளிர்நீர்ப் பவளம். தூக்கம் போய்விடும். எங்கே எது தெரிந்தது என்பதோடு ஆழம், சரிவு, நீரோட்டம், வெப்பநிலையையும் சேர்த்துக் கொடுத்தால், ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணக்கு முறை நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்து, அவை போடும் ஓட்டை எண்ணி, யாரும் பார்க்காத இடத்துக்கும் பதில் சொல்லும்.

என் முதல் மாடல் பிரமாதமாகத் தேறியது. நானும் இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: ஒரே கோட்டின் சில துண்டுகளைப் பாடமாகவும் பக்கத்துத் துண்டுகளைப் பரீட்சையாகவும் வைத்திருக்கிறேன். பத்து மீட்டர் தள்ளி அதே பவளம்தானே இருக்கும்! கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டு மார்க் போட்ட கதை. ஒரு வட்டாரத்தையே மறைத்து வைத்துச் சோதித்ததும் மார்க் மளமளவென்று இறங்கியது.

ஆழத்தை நம்பியதும் தப்பு. லோஃபீலியா இங்கே பெரும்பாலும் 200 முதல் 400 மீட்டர் ஆழத்தில். ஆனால் ட்ரொண்ட்ஹெய்ம் ஃபியோர்டில் தௌத்ரா அருகே சுமார் 40 மீட்டரிலேயே வளர்கிறது. அதற்கு வேண்டியது குளிர்ந்த உப்புநீரும் இரை கொண்டுவரும் ஓட்டமும். ஆழம் வெறும் முகவரிதான்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது வேறு. பவளத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று மாடல் அடர்சிவப்பாகக் காட்டிய இடத்தில் கேமராவுக்குக் கிடைப்பது சில சமயம் நொறுங்கிய பவளத் துண்டுகள்தான், நடுவே இழுவலை போன தடம். நார்வேயின் பவளத்திட்டுகளில் 30 முதல் 50 சதவீதம் சேதப்பட்டிருக்கலாம் என்று 2002லேயே மதிப்பிட்டிருக்கிறார்கள். மாடல் பொய் சொல்லவில்லை, பவளம் வாழத் தோதான இடத்தைத்தான் சொன்னது. வலை எங்கே ஓடியது என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. ஆனால் வண்ணப்படத்தைப் பார்க்கிறவர்கள் "இங்கே பவளம் இருக்கிறது" என்றுதான் படிக்கிறார்கள். நானே ஒரு கூட்டத்தில் அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது தூத்துக்குடிதான் ஞாபகம் வந்தது. முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டான பார் எல்லாம் அங்கேயே கிடக்கிறது, 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. என் மாடலிடம் கொடுத்தால் 'தொள்ளாயிரம் பார்' என்று பெயருள்ள திட்டுக்குச் சிவப்பு அடித்துக் கொடுத்துவிடும்.

இங்கே மீனவர்கள் கடற்பஞ்சு நிறைந்த தரையைச் சீஸ் தரை என்கிறார்கள். உன் பெரியப்பா சங்குக்கு முங்கப் போனவர் அல்லவா? எந்தத் தரையில் எதுவும் கிடைக்காது, அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுது. இருக்கிற இடத்தை எல்லோரும் சொல்கிறார்கள், இல்லாத இடத்தின் கணக்குதான் எனக்குக் கிடைப்பதே இல்லை. பேசுவதை அப்படியே போனில் பதிவு செய்து அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
கலா