மகளின் படிப்பு பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் பால் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி, "பாலைக் காய்ச்சி அடைப்பதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

காய்ச்சுவதையே எடுத்துக்கொள். முன்பு பெரிய தொட்டியில் 63 டிகிரியில் அரை மணி நேரம் பாலை வைத்திருப்பார்கள். தகடுகளை அடுக்கிய பாஸ்டுரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம்) வந்தபின் 72 டிகிரி, 15 விநாடி, அவ்வளவுதான். சூடான பால் தகட்டின் ஒரு பக்கம் ஓடும், உள்ளே வரும் குளிர்ந்த பால் மறுபக்கம். ஒன்றோடொன்று கலக்காமலே சூடு கைமாறும். பத்தில் ஒன்பது பங்குச் சூடு வரை இப்படி மீண்டுவிடும். சூடு போதவில்லை என்றால் ஒரு வால்வு தானே திரும்பி, பாலைத் தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். ஆலையில் இரவு ஷிஃப்டில் அது "டக்" என்று திரும்பும் சத்தம் கேட்டால் தூக்கமெல்லாம் பறந்துவிடும்!

ஆனாலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது, 1890-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் கொண்டுவந்த கொழுப்புச் சோதனைதான். அதுவரை அளவைப் பார்த்துத்தான் காசு; தண்ணீர் கலந்தவருக்கும் கெட்டிப்பால் கொண்டுவந்தவருக்கும் ஒரே விலை. பாலில் கந்தக அமிலம் சேர்த்தால் கரும்பழுப்பாகிக் கொதிப்பேறும், புரதம் கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றி வெந்நீர் விட்டால் கொழுப்பு கழுத்துக்கு ஏறி நிற்கும். அங்கே கோடு பார்த்துப் படித்துவிடலாம். நேர்மையாகப் பால் ஊற்றியவருக்கு அது பெரிய நியாயம். இதற்கு அந்த மனிதர் காப்புரிமைகூட வாங்கவில்லை.

முன்பெல்லாம் சீஸ் செய்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, அதாவது வே நீரை, பன்றிகளுக்கு ஊற்றுவார்கள், இல்லையென்றால் ஆற்றில் விடுவார்கள். அது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குடித்து மீன்களைக் கொல்லும். இத்தனைக்கும் பத்து லிட்டர் பாலில் ஒன்பது லிட்டர் அதுதான். பிறகு நுண்துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டிகள் வந்து அதிலிருந்து புரதத்தைப் பிரித்தன. இன்று குழந்தை உணவிலும் புரதப் பொடியிலும் இருப்பது அதுவே.

எனக்கு ஒரே ஒரு கவலை. இப்போது எல்லாம் திரையில் தெரிவதால், புதிதாக வருகிறவர்கள் பாலை முகர்ந்து பார்ப்பதே இல்லை. வெளிச்சம் பட்டு வாடை மாறிய பாலை மூக்கும் நாக்கும்தான் முதலில் பிடிக்கும்.

தயங்காமல் சேர்த்துவிடு. கல்லூரிக்குச் சொந்தமாகப் பால் ஆலை இருக்கிறதா, மாணவர்களை உள்ளே வேலை செய்ய விடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். விண்ணப்பிக்கும் முன் அவளை என்னிடம் ஒருமுறை பேசச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்